மயிரிழைக்கும் ஒரு சைஸ் இருக்கு

"பாக்க ரொம்ப அழகா இருக்கு, ஆனா படிக்க வராது." டிடோ, போடோனி வகை ஆங்கில ஃபான்ட்களை, அதாவது தடிமன் கோடும் மயிரிழைக் கோடுமா வர்ற எழுத்துகளைப் பத்திப் பேச்சு எடுத்தா இந்த வாக்கியம் எங்கேர்ந்தாவது வந்து விழுந்துடும். லேஅவுட் பண்றவங்க சொல்வாங்க, பிரின்ட் பண்றவங்க சொல்வாங்க, காசு குடுத்து வேலை வாங்குறவங்களும் சொல்வாங்க. என்கூட வேலை பாக்குற ஒருத்தர் இன்னும் ஒரு படி மேல போய், "இது சென்ட் பாட்டில் மேல ஒட்டுறதுக்குன்னே பொறந்த எழுத்து, புத்தகத்துக்குள்ள இதுக்கு என்ன வேலை?"ன்னு கேட்டார். அவர் சொன்னதுல பாதி உண்மைன்னு அப்பவே தெரிஞ்சுது, மீதிப் பாதி சரியில்லன்னும் தோணுச்சு, ஆனா எந்தப் பாதி எதுன்னு பிரிச்சுச் சொல்ல அப்ப வார்த்தை கிடைக்கல. ரொம்ப நாளா மனசுக்குள்ள உறுத்திட்டே இருந்த விஷயம் இது. இப்ப ஓரளவு பிரிச்சுச் சொல்ல முடியும்னு தோணுது, அதனால எழுதறேன்.

முதல்ல எழுத்தையே கொஞ்சம் கிட்ட போய்ப் பாத்துடலாம், ஏன்னா இந்த வகையை எல்லாரும் தூரத்துலேர்ந்துதான் ரசிக்கறோம். கேப்பிடல் ‘எச்’ எடுத்துக்குங்க. ரெண்டு பக்கமும் நல்ல தடிமனான ஸ்டெம் (நேரா நிக்கற தண்டு), நடுவுல ஒரு மயிரிழை, மேலயும் கீழயும் செரிஃப்னு (கோட்டு முனையில வர்ற சின்னக் குறுக்குக்கோடு) பேருக்கு அதே மயிரிழைதான், ஸ்டெம்மோட சேர்ற இடத்துல வளைவு கிளைவு எதுவும் கிடையாது, நேரா வெட்டி வெச்ச மாதிரி ஒரு மூலை. இப்ப கேப்பிடல் ‘என்’ பக்கம் வாங்க. மத்த எழுத்துல பெரும்பாலும் நேர்கோடு தடிமனா இருக்கும், ‘என்’ல மட்டும் ரெண்டு நேர்கோடும் மெலிசு, குறுக்க சரிஞ்சு இறங்குற கோடு தடிமன். முதல் தடவை கவனிக்கும்போது ஏதோ தலைகீழா வரைஞ்சிட்டாங்களோன்னு இருக்கும். ஆனா கூர்முனை நிப் போட்ட பேனாவால ‘என்’ எழுதிப் பாருங்க: கீழேர்ந்து மேல ஏறுறீங்க, சரிஞ்சு இறங்குறீங்க, திரும்ப ஏறுறீங்க. ஏறும்போது அழுத்தினா நிப் பேப்பரைக் குத்திக் கிழிச்சிடும், அதனால ஏத்தம் எல்லாம் மெலிசு. இறங்கும்போது அழுத்தலாம், நிப் விரியும், கோடு தடிக்கும். ‘வி’ல முதல் கோடு தடிமன், ரெண்டாவது மெலிசு. ‘ஏ’ல அப்படியே மாறி வரும். ‘இசட்’ல சரிவுக்கோடு மேலேர்ந்து இறங்குறதால அது தடிமன், படுக்கைக்கோடு ரெண்டும் மெலிசு. இந்தக் கணக்கு ஒரு தடவை பிடிபட்டுட்டா இந்த எழுத்து வெறும் அலங்காரமாத் தெரியாது, ஒரு கையோட அழுத்தமும் தளர்வும் அப்படியே அதுல உறைஞ்சிருக்கறது தெரியும். எனக்கு இந்த வகை மேல பிரியம் வந்ததே இங்கேர்ந்துதான்.

இன்னொண்ணு, உருண்டை முனைகள். சின்ன ‘ஏ’, ‘சி’, ‘ஆர்’ மூணுலயும் மயிரிழை வளைஞ்சு போய் ஒரு துளி மை மாதிரி முடியும். அந்த உருண்டை இல்லன்னா மெலிசு கோடு எங்கேயோ அந்தரத்துல அறுந்து போன மாதிரி இருக்கும். நல்ல வெட்டுல (எழுத்தை வரைஞ்சு செஞ்ச ஒவ்வொரு வடிவத்தையும் வெட்டுன்னு சொல்வோம்) அந்த உருண்டையோட எடை ஸ்டெம்மோட எடைக்குக் கிட்டத்தட்ட சமமா நிக்கும், அதனாலதான் தடிமனுக்கும் மெலிசுக்கும் அவ்வளவு பெரிய வித்தியாசம், அதாவது கான்ட்ராஸ்ட், இருந்தும் வார்த்தை ஒரு பக்கம் சாயாம இருக்கு. மட்டமான நகல்களை இந்த ஒரு இடத்தை வெச்சே கண்டுபிடிச்சிடலாம், உருண்டை ஒண்ணு பெருத்துப் போயிருக்கும், இல்ல சூம்பிப் போயிருக்கும்.

பேப்பர் வந்தது, எழுத்து வந்தது

இந்த எழுத்து யாரோ ஒருத்தர் ஸ்டைலுக்காக உக்காந்து கண்டுபிடிச்சதுன்னு நினைக்கறவங்க நிறைய. அப்படி இல்ல. மயிரிழையை உலோகத்துல வெட்ட கைத்திறமை இருந்தவங்க முன்னாடியே இருந்திருக்காங்க, அதை வாங்கிக்கற பேப்பர்தான் இல்ல. பழைய கைப்பேப்பர்ல அச்சுச் சல்லடையோட கம்பித் தடம் வரிவரியா மேடுபள்ளமா பதிஞ்சிருக்கும், அதுல மெலிசு கோடு போட்டா நடுநடுவுல விட்டுப் போகும். பிர்மிங்ஹாம்ல ஜான் பாஸ்கர்வில்னு ஒருத்தர், எழுத்துப் பயிற்சி ஆசிரியரா இருந்தவர், ஜப்பான் வார்னிஷ் வேலையில நல்லா சம்பாதிச்சவர். அந்தக் காசை எல்லாம் அச்சுல கொட்டினார். மையைத் தானே காய்ச்சினார், அச்சடிச்ச தாளைச் சூடான தகடுகளுக்கு நடுவுல வெச்சு அழுத்தி வழவழப்பாக்கினார். 1757ல அவர் போட்ட முதல் புத்தகத்துல ஜேம்ஸ் வாட்மேன் ஆலையோட, கம்பித்தடம் இல்லாத புது வகைப் பேப்பரும் இருந்தது. அவரோட எழுத்துல கான்ட்ராஸ்ட் இன்னும் மிதமாத்தான் இருக்கு, ஆனா கதவைத் திறந்து விட்டது அவர்தான். அந்தக் கதவு வழியா பாரிஸ்ல டிடோ குடும்பம் நுழைஞ்சுது, 1784 வாக்குல ஃபிர்மின் டிடோ வெட்டின எழுத்துலேர்ந்து இந்த வகை முழுசா உருவத்துக்கு வருது. இத்தாலியில பார்மாவுல 1768லேர்ந்து டியூக்கோட அச்சகத்தைப் பாத்துக்கிட்டிருந்த ஜாம்பட்டிஸ்டா போடோனியும் கொஞ்சம் கொஞ்சமா அதே பக்கம் வந்து சேர்றார்.

பாஸ்கர்வில் காலத்துலயே "கண்ணுக்குக் கெடுதல்"ங்கற புகார் கிளம்பிடுச்சு. இதைப் பத்தி பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1760ல பாஸ்கர்வில்லுக்கே எழுதின ஒரு கடிதம் உண்டு. ஒரு பெரிய மனுஷன், உங்க எழுத்தோட கோடுகள் ரொம்ப மெலிசு, நாட்டுல படிக்கறவங்க கண்ணை எல்லாம் குருடாக்கிடும்னு ஃபிராங்க்ளின்கிட்ட சொல்லியிருக்கார். ஃபிராங்க்ளின் உள்ள போய், இன்னொரு எழுத்து வெட்டுறவரான கேஸ்லானோட எழுத்து மாதிரித் தாளை எடுத்து, மேல இருந்த பேரைக் கிழிச்சிட்டு, இதான் பாஸ்கர்வில் எழுத்து, எங்க குறைன்னு காட்டுங்கன்னு நீட்டியிருக்கார். அந்த மனுஷன் வரிவரியா குறை காட்டினாராம், இதைப் படிக்கும்போதே கண்ணு வலிக்குதுன்னும் சொன்னாராம். கேஸ்லான்தான் அவர் தினமும் எந்த வலியும் இல்லாம படிச்சுட்டிருந்த எழுத்து.

இந்த வகை எழுத்தைப் பிடிச்சவங்க எல்லாம் இந்தக் கதையைத் தூக்கிக் காட்டி, பாத்தியா, எல்லாமே பழக்கதோஷம்னு முடிச்சிடுவாங்க. எனக்கு அது போதல. அந்த மனுஷனுக்கு முன்முடிவு இருந்ததுன்னு கதை நிரூபிக்குது, சரி. மெலிசு கோடு கண்ணை அயர வைக்காதுன்னு எங்க நிரூபிக்குது? சின்ன சைஸ்ல, சாதாப் பேப்பர்ல டிஸ்பிளே வெட்டை, அதாவது பெரிய தலைப்புக்குன்னு வரைஞ்சதை, போட்டு ஒரு முழுப் பக்கம் படிச்சுப் பாருங்க, ஸ்டெம் எல்லாம் வேலிக் குச்சி நட்ட மாதிரி வரிசையா நிக்கும், குச்சிகளை இணைக்கற கம்பி மட்டும் கண்ணுக்குத் தெரியாது. ஒரு வார்த்தைக்கு உருவம் குடுக்கறதே அந்த இணைப்புதான். அது போச்சுன்னா நாம எழுத்து எழுத்தா கூட்டிப் படிக்கற நிலைக்கு வந்துடுவோம். ஆக, புகார்ல சத்து இருக்கு. கேள்வி என்னன்னா அந்தக் குறை எழுத்தோட பிறவிக்குணமா, இல்ல நாம பயன்படுத்துற விதமா?

நூறு வருஷம் இதைத்தானே படிச்சாங்க

படிக்கவே முடியாத எழுத்துன்னு சொல்றவங்ககிட்ட நான் முதல்ல கேக்கறது இதைத்தான். 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவுல, அமெரிக்காவுல, ரோமன் எழுத்துல வந்த புத்தகங்கள்ல பெரும்பகுதி இந்தக் குடும்பத்துலதான் வந்துச்சு. நாவல், பாடப்புத்தகம், சட்டம், அகராதி எல்லாம். ஃபிர்மின் டிடோவே ஸ்டீரியோடைப் முறையில பக்கத்தை அப்படியே தகடா வார்த்து மலிவுப் பதிப்பு போட்டவர், பணக்காரங்க அலமாரிக்கு மட்டும் எழுத்து செஞ்சவர் இல்ல. நூற்றாண்டு முடியற நேரத்துல சலிப்பு வந்துச்சுங்கறதும் உண்மை. வில்லியம் மோரிஸுக்குப் போடோனி எழுத்துன்னாலே ஆகாது, 1891ல கெல்ம்ஸ்காட் அச்சகத்தை ஆரம்பிச்சு 15ஆம் நூற்றாண்டு வெனிஸ் எழுத்து பக்கம் திரும்பிட்டார். அமெரிக்காவுல தியோடர் டி வின்னே, செஞ்சுரி பத்திரிகையை அச்சடிச்சவர், அவரும் மெலிசு கோட்டைத் திட்டினவர்தான், ஆனா அவர் எழுத்தைத் தூக்கிப் போடல, லின் பாய்ட் பென்டன்கிட்ட சொல்லி மயிரிழையைக் கொஞ்சம் தடிக்க வெச்சு 1894ல புது எழுத்தே வெட்ட வெச்சார். மோரிஸ் செஞ்சது கோவம், டி வின்னே செஞ்சது வைத்தியம். எனக்கு டி வின்னேயைத்தான் பிடிக்கும்.

இதுக்கு இன்னும் பக்கத்துல ஒரு சாட்சி இருக்கு, யாரும் அதை இந்தப் பட்டியல்ல சேர்க்கறதே இல்ல. கணக்கு, இயற்பியல், கம்ப்யூட்டர் சயின்ஸ் பேப்பர் படிச்சவங்க எல்லாருக்கும் பழக்கமான கம்ப்யூட்டர் மாடர்ன் எழுத்து. 1977ல கம்ப்யூட்டர் சயின்டிஸ்ட் டொனால்ட் க்னூத், தன்னோட புத்தகத்தோட மறுபதிப்புக்கு வந்த ஃபோட்டோடைப்செட்டிங் (உலோக எழுத்துக்குப் பதிலா ஃபிலிம்ல எழுத்துக் கோர்க்கற முறை) புரூஃபைப் பாத்து மனசு விட்டுப்போய், எழுத்துக்கோர்ப்புக்குத் தானே புரோகிராம் எழுத ஆரம்பிச்சார். எழுத்துக்கு அவர் மாதிரியா எடுத்தது அவரோட பழைய பதிப்புல இருந்த மோனோடைப் மாடர்ன், அது இந்த வகையோட நேர் வாரிசு. பேஷன் பத்திரிகை அட்டையில மினுக்கற அதே குடும்பத்துச் சொந்தக்காரர்தான் தேற்றமும் நிரூபணமும் சுமந்துட்டு இருக்கார். அடிக்குறிப்பு, மேல்குறி, கீழ்க்குறின்னு இத்துனூண்டு சைஸ்ல எல்லாம் சுமக்குறார். எப்படி முடியுது? க்னூத் ஒரே படத்தைச் சுருக்கி விரிக்கல. 5, 6, 7, 8, 9, 10, 12, 17 பாயின்ட்னு (எழுத்து சைஸை அளக்கற அலகு) ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி வடிவம் போட்டார். 5 பாயின்ட் எழுத்தைப் பெருசாக்கிப் பாத்தா அகலமா, கட்டையா, எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு நிக்கும், 17 பாயின்ட் ஒல்லியா, நெருக்கமா, நளினமா இருக்கும். (இதே எழுத்து ஸ்கிரீன்ல பாக்கும்போது ஏன் சவலைப் பிள்ளை மாதிரி தெரியுதுன்னா, அதோட எடை மை கொஞ்சம் பரவும்ங்கற அச்சுக் கணக்குல போட்டது. ஸ்கிரீன்ல மையும் இல்ல, பரவலும் இல்ல.)

ஆறையும் தொண்ணூத்தாறையும் பக்கத்துல வெச்சா

எனக்கு விஷயம் உடைஞ்சது இங்கதான். போடோனி மோடான்னு ஒரு எழுத்து இலவசமாவே கிடைக்குது, வேரியபிள் ஃபான்ட் (ஒரே ஃபைலுக்குள்ளயே எழுத்தோட வடிவத்தை மாத்திக்கலாம்), அதுல ஆப்டிக்கல் சைஸுக்குன்னு, அதாவது சைஸுக்கு ஏத்த வடிவத்துக்குன்னு, ஒரு ஆக்சிஸ் உண்டு, 6லேர்ந்து 96 வரைக்கும் நகர்த்தலாம். ஒரே வார்த்தையை ரெண்டு தடவை தட்டி, ஒண்ணை 6ல நிறுத்தி, இன்னொண்ணை 96ல நிறுத்தி, ரெண்டையும் ஸ்கிரீன்ல ஒரே உயரத்துக்குப் பெருசாக்கி மேலயும் கீழயும் வெச்சுப் பாத்தேன். ரெண்டும் ஒரே பேர் சொல்ற எழுத்துன்னு நம்பவே கொஞ்ச நேரம் ஆச்சு. 96ல ‘ஈ’யோட குறுக்குக்கோடு இருக்கா இல்லையான்னு தேடணும். 6ல அது தைரியமா நிக்குது. செரிஃப் தடிச்சிருக்கு, எழுத்துக்கு நடுவுல காத்து அதிகம், அகலம் அதிகம். அந்தப் பெரிய சைஸ்ல 6 பாயின்ட் வெட்டு பாக்க அழகே இல்ல, முரடா இருந்துச்சு. அப்புறம் ரெண்டையும் நிஜ சைஸுக்குச் சுருக்கி அச்செடுத்துப் பாத்தா கதை அப்படியே திரும்பிடுச்சு. முரடா இருந்ததுதான் தாள்ல நறுக்குன்னு, கறுப்பும் வெள்ளையும் அளவா, போடோனியோட முகத்தோட உக்காந்திருந்துச்சு. நளினமா இருந்தது கோடுகோடா உதிர்ந்து போயிருந்துச்சு. நம்ம கண்ணுல நிக்கற "கான்ட்ராஸ்ட்"ங்கறது ஒரு விகிதம் கிடையாது, ஒரு தோற்றம். அந்தத் தோற்றம் எல்லா சைஸ்லயும் ஒண்ணா இருக்கணும்னா உள்ள இருக்கற விகிதம் சைஸுக்கு சைஸ் மாறியே ஆகணும்.

கணக்குப் போட்டா இன்னும் பளிச்சுன்னு தெரியும். ஒரு பேச்சுக்கு, மயிரிழையோட தடிமன் எழுத்து சைஸ்ல நூத்துல ஒரு பங்குன்னு வெச்சுக்குவோம். 72 பாயின்ட்ல எழுத்து 25.4 மில்லிமீட்டர், கோடு கால் மில்லிமீட்டர், எந்தப் பிரஸ்ஸும் சுத்தமா அடிக்கும். அதையே 9 பாயின்ட்டுக்கு இறக்கினா கோடு 0.03 மில்லிமீட்டர் சொச்சம். தலைமுடியே அதைவிடத் தடிமன். ஸ்கிரீன் கணக்கும் இதேதான்: 16 பிக்சல் எழுத்துல அந்தக் கோட்டுக்குக் கிடைக்கறது 0.16 பிக்சல், கம்ப்யூட்டர் அதை ஒரு பிக்சல் அகலத்துல ஆறுல ஒரு பங்கு சாம்பலா பூசி விட்டுடும். நாம கறுப்பு எழுத்துன்னு நினைச்சுட்டிருப்போம், ஆனா ஸ்டெம் கறுப்பு, இணைப்பு புகை. நல்ல அடர்த்தியான போன் ஸ்கிரீன்ல இது மூணு மடங்கு தேறும், அப்பவும் அரை பிக்சல்தான்.

உலோக எழுத்து காலத்துல இந்தப் பிரச்சினையைப் பத்தி யாரும் தனியா பேசவே வேண்டியிருக்கல, ஏன்னா ஒவ்வொரு சைஸுக்கும் தனித்தனி எஃகு பஞ்ச் (உலோக எழுத்து வார்க்கறதுக்கு மூலமான எஃகுத் துண்டு) வெட்டித்தான் ஆகணும். வெட்டுறவர் 6 பாயின்ட்ல உக்காரும்போது கண்ணே சொல்லிடும், இந்தக் கோடு நிக்காது, தடிக்க விடுன்னு. போடோனி இறந்து 5 வருஷம் கழிச்சு, 1818ல அவர் மனைவி மார்கெரிட்டா வெளியிட்ட ரெண்டு தொகுதி எழுத்து மாதிரிப் புத்தகத்துல ரோமன் எழுத்து மட்டுமே நூத்துக்கும் மேல இருக்கு. ஒரு மனுஷன் ஏன் ஒரே எழுத்தை வாழ்நாள் பூரா திரும்பத் திரும்ப வெட்டினார்னு முன்னாடி எனக்குப் பிடிபடல. அவர் பார்வையில அது ஒரே எழுத்தே கிடையாது, சைஸுக்கு ஒரு எழுத்து, சில சைஸுக்கு ஒண்ணுக்கு மேல. அப்புறம் 1885ல பென்டனோட பஞ்ச் வெட்டுற மிஷின் வந்து, ஒரு வரைபடத்துலேர்ந்து பல சைஸ் எடுக்கலாம்னு ஆச்சு. பென்டன் விவரமானவர், மிஷின்லயே சைஸுக்கு ஏத்தபடி விகிதத்தை மாத்திக்க வழி வெச்சிருந்தார். ஆனா ஃபோட்டோடைப்செட்டிங் வந்தப்ப ஒரே நெகடிவ்வை லென்ஸ் வெச்சு எல்லா சைஸுக்கும் இழுக்கற பழக்கம் வந்துடுச்சு, டிஜிட்டல் அதையே ஸ்வீகாரம் எடுத்துக்கிச்சு. "போடோனி படிக்க வராது"ங்கற பேச்சுல பெரும்பகுதி அந்த இடத்துலேர்ந்து வர்ற பேச்சு. பெரிய சைஸுக்கு வரைஞ்ச எழுத்தைச் சின்னதா போட்டுட்டுப் பழியை இத்தாலிக்காரர் மேல போடறோம்.

திருத்தின ஆட்களும் உண்டு. 1991ல ஜோனதன் ஹோஃப்லர் ஹார்பர்ஸ் பஜார் பத்திரிகைக்காக வரைஞ்ச டிடோ, 6லேர்ந்து 96 பாயின்ட் வரைக்கும் 7 வெட்டு. தலைப்பு எவ்வளவு பெருசானாலும் மயிரிழை மயிரிழையாவே நிக்கணும், அதான் அங்க குறி. 1994ல வந்த ஐடிசி போடோனி 6, 12, 72ன்னு மூணு வெட்டு, அதை வரைஞ்ச குழு பார்மாவுக்கே போய் போடோனியோட மூல எழுத்துகளைப் பாத்துட்டு வந்து வரைஞ்சுது. 2016ல வேரியபிள் ஃபான்ட் வந்ததுக்கு அப்புறம் இது சாதாரண ஆளுக்கும் கைக்கெட்டுற விஷயம் ஆயிடுச்சு. பிரவுசர்ல ஆப்டிக்கல் சைஸ் ஆக்சிஸ் இருக்கற ஃபான்ட்டை ஏத்தினா எழுத்து சைஸுக்கு ஏத்த வெட்டை அதுவே எடுத்துக்கும். ஒரே ஒரு ஜாக்கிரதை, ஆக்சிஸ் இல்லாத டிஸ்பிளே வெட்டு ஃபைலை மட்டும் தனியா ஏத்தி வெச்சுட்டு பாடி டெக்ஸ்ட்டுக்கும் (உள்ள ஓடற வரிகளுக்கும்) அதையே போட்டா எந்த பிரவுசரும் காப்பாத்தாது.

எங்க வைக்கலாம், எங்க வேண்டாம்

பெரிய தலைப்பு, வெள்ளை இடம் தாராளம், வழவழப்பான ஆர்ட் பேப்பர், அங்க இதுக்கு ஈடு வேற இல்ல. ஹார்பர்ஸ் பஜார்ல 1934லேர்ந்து 1958 வரைக்கும் ஆர்ட் டைரக்டரா இருந்த அலெக்ஸி பிரோடோவிச் அந்த வெள்ளை இடத்தை ஒரு பொருள் மாதிரியே கையாண்டார், இந்த எழுத்துக்கும் பேஷனுக்கும் ஒட்டு உண்டானதுல அவருக்குப் பெரிய பங்கு. தடிமனுக்கும் மெலிசுக்கும் நடக்கற அந்தப் பேச்சுவார்த்தைக்குச் சுத்தி அமைதி வேணும், அதான் விஷயம். நெருக்கமான விளம்பரத்துல, படத்து மேல, டிசைன் போட்ட பின்னணியில கொண்டு போய் வெச்சா மயிரிழை முதல்ல பலியாகும்.

ரிவர்ஸ்ல, அதாவது கறுப்புல வெள்ளையா விடறது, இது இன்னும் ஆபத்து. அச்சுல மை எப்பவும் கொஞ்சம் பரவும். வெள்ளைத்தாள்ல கறுப்பு எழுத்துன்னா அந்தப் பரவல் மயிரிழையைத் தடிக்க வைக்கும், நமக்கு லாபம். ரிவர்ஸ்ல சுத்தி இருக்கற மை உள்ள வந்து கோட்டை மூடிடும். நான் கையில வெச்சுப் பாத்த ஒரு அட்டை புரூஃப்ல, நாலு கலர் சேத்து அடிச்ச கருநீலப் பின்னணியில பேருக்குக் கீழ ஒரு சின்ன வரி. அதுல ‘ஈ’ எல்லாம் குறுக்குக்கோடு போய் ‘சி’யா நின்னுச்சு, ‘எச்’ ரெண்டு தனித் தடியா பிரிஞ்சு போச்சு, ‘என்’ இருந்த இடத்துல ஒரு சரிவுக்கோடு மட்டும் மிச்சம். கலர் பிளேட் ஒண்ணுக்கொண்ணு இம்மி நகர்ந்தாலே போதும், மயிரிழைக்குள்ள நீலமோ சிவப்போ எட்டிப் பாத்துடும். பின்னணி ஒரே மையில இருந்தா பிழைக்க வழி உண்டு. இல்லன்னா அந்தச் சின்ன வரிக்கு 6 பாயின்ட் வெட்டைப் போட்டு, இடைவெளி கூட்டி விடணும்.

பாடி டெக்ஸ்ட்டுக்கு? போடலாம், டெக்ஸ்ட் வெட்டு இருந்தா. லெடிங் (வரியிடைவெளி) தாராளமா விடணும், ஏன்னா நேர்கோடு கனமா இருக்கற எழுத்துல கண்ணு மேல கீழ இழுபடும், வரியோட ஓட்டத்தைக் காப்பாத்தறது வரிகளுக்கு நடுவுல இருக்கற வெள்ளைதான். போடோனி பக்கங்கள்ல பெரிய மார்ஜினும் விரிஞ்ச வரியிடைவெளியும் இருக்கறதை ஆடம்பரம்னு சொல்வாங்க, எனக்கென்னமோ அது தேவைன்னுதான் படுது. இன்னொண்ணு எண்கள். இந்த வகையோட 2, 3, 5 மாதிரி அழகான எண் வேற எங்கயும் பாத்ததில்ல. அத்தியாய எண், வருஷம், பெருசா ஒரு தேதி, கண்ணை மூடிட்டு போடலாம். ஆனா அட்டவணைக்குள்ள சின்னதா போட்டா 3க்கும் 8க்கும் கண்ணு தடுமாறும், மருந்துச்சீட்டு, டைம்டேபிள் மாதிரி இடத்துல யாராவது இதைப் போட்டா நான் சண்டை போடுவேன். எச்சரிக்கைப் பலகை, வழிகாட்டிப் பலகை இதெல்லாம் பேச்சுக்கே இடமில்ல.

நம்ம எழுத்துக்கு வந்தா

தமிழும் ஆங்கிலமும் பக்கத்துப் பக்கத்துல வர்ற வேலையில டிடோவைப் போட்டவங்களுக்கு இந்தத் தொல்லை தெரியும். தமிழ் ஒரே தடிமன்ல நிக்கும், ஆங்கிலம் தடிமனும் மயிரிழையுமா மினுங்கும், ரெண்டும் ஒரே பக்கத்துல ஒட்டாது. உடனே தமிழுக்கும் அதே மாதிரி நேர்கோட்டைத் தடிக்க வெச்சு படுக்கைக்கோட்டை மெலிச்சிடலாம்னு கை போகும். தலைப்பு சைஸ்ல அது நல்லாவே வரும், நான் வேண்டாம்னு சொல்ல மாட்டேன். ஆனா ரோமன்ல படுக்கைக்கோடு பாதி இடத்துல வெறும் செரிஃப்தான், போனாலும் எழுத்து பிழைச்சுக்கும். தமிழ்ல படுக்கைக்கோடுதான் பல எழுத்துக்கு உயிர். ‘ப’வுக்கு அடிக்கோடு போனா ரெண்டு தடி. ‘ட’வுக்குப் போனா ஒரே தடி. அப்புறம் ‘ண’, அதுக்குள்ள இருக்கற சுழிகள் எல்லாம் ஒரே உயரத்துக்குள்ள அடங்கணும், நேர்ப்பக்கத்தைத் தடிக்க விட்டா சுழிக்குள்ள வெள்ளையே மிஞ்சாது, ‘ணை’ன்னு வந்துட்டா கேக்கவே வேண்டாம்.

அதனால தமிழுக்கு உயர்ந்த கான்ட்ராஸ்ட் எழுத்து வரைய உக்கார்றவங்க தலைப்பு வெட்டோட நிறுத்திடக் கூடாதுன்னு ரொம்ப ஆசைப்படறேன். மயிரிழையை எங்க வைக்கறதுங்கறதையே நம்ம எழுத்துக்குன்னு தனியா யோசிக்கணும், சுழி ஆரம்பிக்கற முனையில, கொம்பு வளையற இடத்துல மெலிக்கலாம், ‘ப’வோட அடிக்கோட்டுல கைய வைக்கக் கூடாது. சின்ன வெட்டுல கான்ட்ராஸ்டைப் பாதியாக் குறைச்சு, அகலத்தைக் கூட்டி, சுழிகளைத் திறந்து விடணும். அப்படி ஒரு குடும்பம் கைக்கு வந்தா நான் தலைப்பைப் பாக்க மாட்டேன், நேரா 9 பாயின்ட்ல சாதா மேப்லித்தோ பேப்பர்ல ‘பட்டப்பகல்’, ‘திண்ணை’ன்னு ரெண்டு வார்த்தை அடிச்சுப் பாப்பேன்.